புறநானூற்றுக் கையறுநிலையும் பகிர்ந்த வாழ்வும்

இறந்தார் பொருட்டு இருந்தார் வருந்திப் பாடும் பாட்டினைக் கையறுநிலை என்னும் துறையுள் அடக்குவர் நம் முன்னோர். புறநானூற்றுள் இத்துறைப் பாடல்கள் பல. அதியமான் நெடுமானஞ்சி, வேள் பாரி, வேள் எவ்வி, ஆய் அண்டிரன், கரிகால் வளவன், கோப்பெருஞ்சோழன் எனப் பலர் மறைவு குறித்து எழுந்த இப்பாடல்களைப் பயிலாத தமிழ் மாணாக்கர் இலர். உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்ட நாள் முதலாக இவை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டு வந்துள்ளன. எனினும் இவற்றைப் பற்றி வழங்கும் கருத்துக்கள் இரண்டு ஈண்டு ஆராயத்தக்கன.

பாடிப் பெற்று உண்டு வாழ்ந்த பாணரும் புலவரும் தமக்குச் சோறிட்ட கை மறைந்தது கண்டு அழுதனர். ஆதலின் அவ்வழுகை பரிசில் இழந்தார் அழுகையே என்பது ஒன்று. மற்றொன்று வாய்பாடு பற்றியது. க. கைலாசபதி 1968-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வுநூலில் சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் தோன்றிய வீரநிலைக் கவிதைகளாகக் கொண்டு, அவற்றிற் பயிலும் தொடர்களையும் வாய்பாடுகளையும் விரிவாக ஆராய்ந்தார். அவ்வாய்வின் பயன் பெரிது. ஆயின் அதனை மேலோட்டமாகக் கற்பார் சிலர், வாய்பாட்டால் வந்த இரங்கலில் மெய்யான துயரைத் தேடுதல் வேண்டா என்று கூறி அமைகின்றனர்.

இவ்விரு கருத்தும் உண்மையாயின் கையறுநிலை வயிற்றின் அழுகையாகும். அன்றேல் வழக்கின் அழுகையாகும். இரண்டாயினும் அது நம் நெஞ்சைத் தொடுதற்கு உரிமை இல்லாததாகிவிடும். அவ்வாறு கொள்ளுதல் பாட்டுக்களோடு பொருந்துமா என்பதே எம் வினா. செய்தி கேட்டல், உடனுண்டல், துயர் பகிர்தல் என்னும் மூன்றனாலும் ஒரு கிளையாகப் பிணிப்புண்டு வாழ்ந்தவர்களின் மொழியே கையறுநிலை என்பதும், சோறும் கள்ளும் பூவும் அப்பாடல்களில் வருவது இழந்த பொருளைக் கணக்கிடுவதற்கு அன்று, ஒருவர் துயரைப் பலர் துயராக்குதற்கே என்பதும் யாம் நிறுவ விரும்புவன.

துறையின் இலக்கணம்

தொல்காப்பியர் இத்துறையைப் புறத்திணையியலுள் காஞ்சித்திணையின்கண் வைத்தார். புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புக்களோ இதனைப் பொதுவியலின்பாற் படுத்துகின்றன. இவ்வேறுபாடு தனியே ஆராய்தற்கு உரியது. எம் பொருளுக்கு வேண்டுவது தொல்காப்பியர் ஆண்ட சொற்களே. இறந்தாரைக் 'கழிந்தோர்' என்றும், இருந்தாரை 'ஒழிந்தோர்' என்றும் அவர் பன்மை வாய்பாட்டாற் கூறினார். 'கழிந்தோர்' என்பதை உயர்வு பற்றி வந்த பன்மை எனக் கொள்ளவும் கூடும். 'ஒழிந்தோர்' என்பதை அவ்வாறு கொள்ள வேண்டுவதில்லை. பின் எஞ்சி நிற்பார் பலர் என்பதே அதன் நேர்பொருள்.

எஞ்சியோர் செயலைப் 'புலம்புதல்' என்கின்றார் ஆசிரியர். புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என உரியியலுள் அவரே பொருள் உரைத்துள்ளார். ஆகவே புலம்புதல் என்பது வெறும் அழுதலன்று. தனிமையுற்றமை தோன்றச் சொல்லுதலாம். ஈண்டு ஒரு முரண்பாடு உள்ளது. எஞ்சியோர் பலர், ஆயினும் அவர் உற்றது தனிமை. பலர் கூடியிருந்தும் ஒவ்வொருவரும் தனியராகிய நிலையே கையறுநிலை. அந்நிலையை வாய்விட்டுச் சொல்லுங்கால் தனிமை மீண்டும் கூட்டமாகின்றது. துறையின் இலக்கணத்திலேயே இப்பகிர்வுக்கு இடம் உண்டு என்க.

செய்தி வந்த வழி

வேள் எவ்வி பற்றி வெள்ளெருக்கிலையார் பாடிய பாட்டு இரண்டு. தொகுத்தார் அவற்றை 233, 234 என அடுத்தடுத்து வைத்தனர். முன்னைய பாட்டில் எவ்வியின் இறப்பு வருணிக்கப்படவில்லை. களமும் இல்லை, பகைவரும் இல்லை. விடியற்காலத்தே ஒரு குரல் வந்து, அவன் மார்பிற் புண்கள் பல என்று கூறிற்று. அச்செய்தி பொய்யாகுக, பொய்யாகுக என்று புலவர் மீட்டும் மீட்டும் வேண்டுகின்றார். அகுதையிடம் பொன்னாலாகிய திகிரி உண்டென்று முன்னொரு காலத்தில் ஒரு பேச்சு எழுந்து பொய்யாய்ப் போயிற்று. அதுபோல இதுவும் பொய்யாய்ப் போகாதா என்பது அவர் வேட்கை.

கொடிய செய்தி கேட்டார் முதலிற் செய்வது நம்ப மறுத்தலே. அம்மறுப்பிற்கு வேறு பற்றுக்கோடு இல்லாதபோது, முன்பு பொய்த்துப்போன செய்தி ஒன்றை நெஞ்சு தேடிப் பற்றிக்கொள்ளும். இப்புலவர் பற்றியது ஊரார் வாயில் வழங்கிப் பொய்த்த செய்தி. செய்திகள் வாய்வழி வந்து செவிவழிப் புகும் கூட்டம் ஒன்று இருந்ததையும், அதனுள் மெய்யும் பொய்யும் கலந்து உலவியதையும், அதனை அக்கூட்டத்தார் அறிந்திருந்தனர் என்பதையும் இவ்வுவமை காட்டுகின்றது. பெரிய பாண்சுற்றத்துக்குத் தலைவன் என்று எவ்வி இப்பாட்டிற் குறிக்கப்படுதலும் நோக்கத்தக்கது. அக்குரல் எட்டியது புலவர் ஒருவர் செவியை மட்டும் அன்று. அச்சுற்றம் முழுவதையும் என்க. வாய்பாட்டால் மட்டும் இயற்றும் புலவர்க்கு வீரன் புண்ணே போதும். விடியற்குரலும் பொய்த்த பழஞ்செய்தியும் அவர்க்கு வேண்டா.

உண்கலமும் முல்லையும்

பின்னைய பாட்டில் செய்தி மெய்யாகிவிட்டது. எவ்வியின் மனைவி, பிடியின் அடியளவாகிய சிறிய இடத்தை மெழுகி, புல்லின்மேற் சிறிய பிண்டம் ஒன்றை வைக்கின்றாள். இதனை அவன் எங்ஙனம் உண்பான் என்று புலவர் வினவுகின்றார். பிண்டம் சிறிதென்பதனால் எழுந்த வினாவாக மட்டும் இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. எவ்வி உலகத்தார் எல்லாம் புகுதற்குத் திறந்த வாயிலை உடையவன். பலரோடு உண்டு பழகியவன். தனியே உண்ணுதலை அறியாதவன் தனியே எவ்வாறு உண்பான் என்பதே வினாவின் கருத்து. பரிசில் இழந்தார் அழுகை இதுவாயின், 'எமக்கு இனிச் சோறிடுவார் யார்' என்று பாட்டு முடிதல் வேண்டும். இதுவோ 'அவனுக்கு இனி உடனுண்பார் யார்' என்று கேட்டு முடிகின்றது. துயரின் திசையே மாறிவிட்டமை காண்க.

அதியமான் மறைவு குறித்து ஒளவையார் பாடிய 235-ஆம் பாட்டு பரிசிற் கருத்தினர்க்குத் துணையாவது போலத் தோன்றும். சிறிதளவு கள் கிடைப்பின் எமக்கே தருவான். பெரிதளவு கிடைப்பின் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். எலும்பும் தசையும் கிடைக்குமிடமெல்லாம் எமக்கு அளிப்பான். அம்பும் வேலும் நுழையுமிடமெல்லாம் தான் நிற்பான் என்று அவர் அடுக்கிச் செல்கின்றார். ஒவ்வொரு கூற்றும் 'மன்' என்னும் இடைச்சொல்லால் முடிகின்றது. அச்சொல் கழிவுப்பொருள் தருதற்கு உரையாசிரியர் இப்பாட்டையே காட்டுவர். கொடைகளின் பட்டியலாயின் பெரியதே முன்னிற்கும். ஒளவையாரோ சிறிதளவு கிடைத்த நாளை முதலில் வைத்தார். வளம் மிக்க நாளிற் கொடுத்தலினும் குறைந்த நாளில் தன் பங்கைக் கொடுத்தலே உடன்வாழ்ந்தார் நெஞ்சில் நிற்பது.

அதன்பின் வருவது கொடையே அன்று. நரந்தம் கமழும் தன் கையால், புலால் நாறும் என் தலையை அவன் தடவுவான் என்கின்றார். எந்தப் பொருளும் கைம்மாறாத இச்செயலைப் பரிசிற் கணக்கில் எங்ஙனம் சேர்ப்பது? இரு வேறு மணங்கள் ஒன்றையொன்று தொட்டமை அன்றோ ஈண்டு நினைவுகூரப்படுவது?

அவன் மார்பில் தைத்த வேல் சென்ற வழியும் கருதத்தக்கது. அவ்வேல் பாணர் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கையினூடு சென்று, அவனாற் புரக்கப்பட்ட சுற்றத்தார் கண்ணின் ஒளி மழுங்கச் செய்து, புலவர் நாவிற் போய் வீழ்ந்தது என்கின்றார். கலம், கை, கண், நா என்னும் இவ்வரிசை ஒரு செய்தி கூட்டத்தினூடே பரவும் வரிசையாகவும் அமைந்துள்ளது. ஒருவன் மார்பிற் பட்ட வேல் பலர் உடம்பிற் பட்டது. இறுதியில் அது வீழ்ந்த இடம் நா. துயர் சொல்லாகும் இடம் அது. இனிப் பாடுவாரும் இலர், பாடுவார்க்கு ஈவாரும் இலர் என்று அவர் இரங்குங்கால், பாடுவார் இன்மையை முன்வைத்து ஈவார் இன்மையைப் பின்வைத்த முறையும் மறக்கத்தக்கதன்று.

குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைவிற்குப் பாடிய 242-ஆம் பாட்டு மிகச் சிறியது. அதில் சோறும் இல்லை, பரிசிலும் இல்லை. இளையோர் முல்லையைச் சூடவில்லை, வளையணிந்த மகளிர் கொய்யவில்லை, பாணன் யாழின் கோட்டால் வளைத்துப் பறிக்கவில்லை, பாடினியும் அணியவில்லை. சாத்தன் இறந்தபின்னும் ஒல்லையூர் நாட்டில் நீ பூப்பாயோ என்று முல்லையை வினவுகின்றார் புலவர். ஊரார் அழுதனர் என்று ஓரிடத்தும் கூறிற்றிலர். நாள்தோறும் செய்யும் சிறுசெயல் ஒன்றனை நால்வகையினரும் செய்யாது விட்டனர் என்று மட்டும் கூறினார். துயர் அவர்களிடையே பரவியதனை அதுவே புலப்படுத்துகின்றது. செய்தி சென்றடையாதது முல்லை ஒன்றற்கே. ஆதலின் அது கூட்டத்தின் புறத்தே நின்று பூக்கின்றது.

காணாதார் நட்பு

இதுகாறும் கண்டவர் உடன் வாழ்ந்தவர். நேரிற் காணாதாரும் இக்கிளையுள் அடங்குவரோ எனின், அடங்குவர் என்பதற்குக் கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையார் வரலாறு சான்றாகும். நட்புக்குக் கூடிப் பழகுதல் வேண்டா, ஒத்த உணர்ச்சியே உரிமை தரும் என்னும் 785-ஆம் குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார்.

பிசிர் பாண்டிநாட்டது, சோழன் உறையூரில் இருந்தவன். பிசிராந்தையார் 67-ஆம் பாட்டில் வடக்கு நோக்கிப் பறக்கும் அன்னச்சேவலை விளித்து, கோழியூரிற் கோயில் புகுந்து தம் பெயரைச் சொல்லுமாறு வேண்டுகின்றார். 216-ஆம் பாட்டால், இருவரும் பல்லாண்டு ஒருவரையொருவர் கேட்டறிந்தனரே அன்றிக் கண்டறியார் என்பது விளங்கும். சோழன் வடக்கிருந்தபோது சூழ்ந்திருந்தோர் இதனையே காரணமாக்கி, அவர் வருதல் அரிது என்று ஐயுற்றனர். சோழன் ஐயுறவில்லை, தன் அருகே அவர்க்கு இடம் ஒழித்து வைக்குமாறு பணித்தான்.

அவன் கூற்றாகிய 215-ஆம் பாட்டு கையறுநிலைத் துறையினது அன்று. ஆயினும் எம் ஆய்வுக்கு இன்றியமையாதது. தன் நண்பர் நாட்டைச் சுட்டுங்கால் அவன் மலையையோ முத்தையோ கொற்கையையோ விரித்தானல்லன். வரகரிசிச் சோற்றோடு வேளைப்பூவையும் வெண்தயிரையும் சேர்த்து ஆய்மகள் சமைத்த புளித்த கூழினை, அவரை கொய்வார் நிறைய உண்ணும் நாடு என்கின்றான். கூறுவான் உண்ணாநோன்பு மேற்கொண்டு உயிர்விடத் துணிந்த வேந்தன். கூறப்படுவது எளியார் உணவு. இதனை வெறும் நாட்டு வருணனை எனக் கடந்து செல்லுதல் ஆகாது. நேரிற் காணாத ஒருவரை அவர் ஊர் மக்களின் அன்றாட உணவோடு சேர்த்து நினைக்கும் அளவிற்கு அவன் கேள்வி நிறைந்திருந்தது. நட்பிற்கு வேண்டும் செய்தி போரும் கொடையும் மட்டும் அல்ல. என்ன உண்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்பதும் ஆம். செல்வக்காலத்து வாராதிருப்பினும் அல்லற்காலத்து நில்லார் என்று அவன் துணிந்து கூறியது அத்தகைய கேள்வியின் வன்மையால் என்க.

பிசிராந்தையார் வந்தார். யாண்டு பலவாகியும் நரையில்லாமை எவ்வாறு என்று வினவினார்க்கு அவர் விடுத்த மறுமொழியே 191-ஆம் பாட்டு. மனைவி மாண்புடையள்; மக்கள் அறிவு நிரம்பினர்; ஏவலர் தம் கருத்தறிந்து ஒழுகுவர்; வேந்தன் அல்லவை செய்யாது காப்பான்; ஊரிற் சான்றோர் பலர் என்பன அவர் கூறிய காரணங்கள். இது முழுவதும் இல்லத்துச் செய்தியும் ஊர்ச் செய்தியுமே. இத்துணைக் குறையற்ற வாழ்வை உடையவர் அதனை விட்டு வந்து கண்டறியாத நண்பனோடு உயிர்துறந்தார். பரிசில் இழந்தார் என்னும் பெயர் இவர்க்குச் சிறிதும் பொருந்தாது.

பாகனும் களிறும்

சோழன் இறந்தபின் உறையூர் திரும்பிய பொத்தியார் பாடிய 220-ஆம் பாட்டு, பரிசிற் கருத்தினை நேரே மறுக்கின்றது. பல்லாண்டு பெருஞ்சோறு அளித்துக் காத்த யானையை இழந்த பாகன், அது நின்ற கூடத்தில் தறி வெறிதாய் இருத்தல் கண்டு அழுதாற்போலத் தாமும் அழுததாக அவர் கூறுகின்றார். இவ்வுவமையில் சோறளிப்பவன் பாகன், உண்பது யானை. வேந்தனை யானையாகவும் தம்மைப் பாகனாகவும் புலவர் வைத்தமையின், உண்பித்தவர் இடத்திற் புலவரும் உண்டவன் இடத்தில் வேந்தனும் நிற்கின்றனர். வாங்கினவர் மட்டுமே அழுதனர் எனின் இவ்வுவமை பிறந்திராது. யார் கொடுத்தார், யார் பெற்றார் என்னும் வேறுபாடு, பல்லாண்டு உடன்வாழ்ந்தார் நெஞ்சில் தேய்ந்து போயிற்று. எஞ்சியது வெற்றிடம் ஒன்றே. நாள்தோறும் கண்டு பழகிய தறி வெறிதாதலே பொத்தியாரைக் கலங்கச் செய்தது.

பாரி மகளிர் பாடிய 112-ஆம் பாட்டும் ஈண்டு ஒப்பு நோக்கற்கு உரியது. அற்றைத் திங்களில் தந்தையும் குன்றும் உடையராயிருந்தனர். இற்றைத் திங்களில் இரண்டும் இலர். மூவேந்தர் முற்றுகையோ பாரியின் வள்ளன்மையோ அங்கு விரிக்கப்படவில்லை. எல்லாரும் காணும் நிலவு ஒன்றே இரு நாளையும் பிணிக்கின்றது. அவர்தம் கூற்றும் தன்மைப் பன்மையால் அமைந்துள்ளது. 'யாம்' என்னும் அப்பன்மையுள் கேட்பாரும் தம்மை அறியாது புகுந்துவிடுகின்றனர்.

பகிர்வின் எல்லை

இத்துணையும் கூறியதனால் பழந்தமிழ் ஊர்களில் எல்லார் துயரும் எல்லாராலும் பகிரப்பட்டது என்று யாம் கூறுகின்றோம் எனக் கொள்ளற்க. புறநானூறே அதனை மறுக்கும். பக்குடுக்கை நன்கணியார் 194-ஆம் பாட்டில், ஒரு மனையிற் சாப்பறை ஒலிக்க மற்றொரு மனையில் மணமுழவு ஒலிக்கும் உலகத்தைக் காட்டுகின்றார். ஓசை இரண்டும் ஓரூரிற் கேட்கின்றன. ஒன்று மற்றொன்றை நிறுத்தவில்லை. செவிக்கு எட்டிய செய்தி எல்லாம் நெஞ்சிற்கு எட்டுவதில்லை.

இதனினும் வன்மையானது பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246-ஆம் பாட்டு. தீப்புகாது தடுத்த சான்றோரை அவர் கடிந்து கூறுகின்றார். கணவனை இழந்த மகளிர் உண்ணும் நெய்யற்ற உணவையும் வேளைக்கீரையையும் பாயின்றிப் பருக்கைக்கல்லின்மேற் படுக்கும் படுக்கையையும் எடுத்துரைத்து, தமக்குத் தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்கின்றார். இங்கும் அன்றாட வாழ்வே பேசப்படுகின்றது. ஆயின் அது பகிரப்படாத வாழ்வு. எவ்வியின் மனைவி வைத்த பிண்டத்தைப் புலவர் கண்டு பாடினார். அம்மனைவி இனி உண்ணப்போவது யாது என்று வினவினாரல்லர். உடனுண்டார் கூட்டத்தின் கண்ணுக்குத் தப்பிய இடம் அது. பெருங்கோப்பெண்டின் பாட்டு அவ்விடத்திலிருந்து எழுந்த குரல். கையறுநிலையின் சிறப்பைப் பேசுவார் இக்குறையையும் உடன்பேசுதல் கடனாகும்.

முடிபு

மேற்கூறியவாற்றான், கையறுநிலையைப் பரிசில் இழந்தார் அழுகை எனச் சுருக்குதல் பாட்டுக்களோடு பொருந்தாமை விளங்கும். வாய்பாடு உண்டென்பதை யாம் மறுக்கவில்லை. பலர்க்கும் பழகிய சொல் வழியாகவே பலர்க்கும் உரிய துயர் செல்லுதல் கூடும். ஆயின் வாய்பாடு துயர் செல்லும் வழியே, துயர் ஆகாது. விடியற்குரல், யானையடி அளவான மெழுகிய நிலம், நரந்தம் நாறும் கை, சூடாத முல்லை, புளித்த கூழ், வெறுந்தறி என்னும் இவை ஒன்றோடொன்று மாற்றிவைக்க இயலாதவை. ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தார் உண்மையில் வாழ்ந்த வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது.

இதனால் திறனாய்வுக்கு ஓர் அளவுகோலும் கிடைக்கின்றது. இரங்கற்பாட்டு ஒன்றனை மதிப்பிடுவார், இறந்தார் பெருமை எத்துணை கூறப்பட்டது என்று பார்ப்பதனோடு அமையலாகாது. அவரோடு பகிர்ந்த சிறு பொருள் யாது, அதனைக் கேட்டுத் தம் இழப்பாக உணர்வார் யாவர் என்னும் இரண்டனையும் வினவுதல் வேண்டும். பிற்காலத்து எழுந்த சரமகவிகளுள் பட்டமும் பதவியும் நிரம்பியிருந்தும் நெஞ்சைத் தொடாதவை உள. அவற்றுள் உண்கலமும் இல்லை; முல்லையும் இல்லை. எளிய சொல்லால் எழுந்த நாட்டுப்புற ஒப்பாரி, அவர் உண்ட தட்டையும் உறங்கிய திண்ணையையும் சொல்லி அழுது, கேட்பார் கண்ணையும் கலங்கச் செய்கின்றது. இவ்விரண்டனையும் புறநானூற்றுக் கையறுநிலையோடு அடுத்து வைத்து ஆராய்தல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.